இலவசப் பாடசாலைக்குள் பணம் எப்படி வருகிறது?

ஊரின் சிறிய பாடசாலையில் தரம் 5 வரை படித்து முடித்த ஒரு பிள்ளை, கல்வியாண்டு தொடங்கும் காலையில், ஆறாம் தரத்தில் சேர்வதற்காகத் திருகோணமலை நகரிலோ மூதூரிலோ உள்ள பெரிய பாடசாலை ஒன்றின் வாசலில் தாயுடன் வந்து நிற்கிறது. உடம்பில் அரசு கொடுத்த துணியில் தைத்த வெள்ளைச் சீருடை. சட்டைப் பையில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துக்கான பருவகாலச் சீட்டு. அன்றோ அடுத்த சில நாட்களிலோ கட்டுக்கட்டாகப் பாடநூல்களும் கைக்கு வரும். அரசு இந்தப் பிள்ளைக்காக அதிகம் செலவழிப்பது எதற்கு என்று அங்கே நிற்கும் பெற்றோரைக் கேட்டால், பலர் பாடநூலைக் காட்டுவார்கள், சிலர் சீருடையைச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் அவைதாம் என்பதால் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் அவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினாலும், வகுப்பறையில் நின்று கற்பிக்கும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கு அருகில் அத்தொகை வராது. இலவசக் கல்விக்கென்று ஒதுக்கப்படும் பணத்தின் மிகப் பெரிய பங்கு பாடசாலை வாசலுக்குப் பணமாக வருவதில்லை. ஓர் ஆளாக, ஆசிரியராக, நடந்து வருகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பணம் எங்கே புறப்பட்டு, எந்தெந்த வழியாகத் திருகோணமலை மாவட்டத்தின் இடைநிலை வகுப்புகளுக்கு வந்து சேர்கிறது, எங்கே வராமல் நின்றுவிடுகிறது என்பதை முதன்முறையாக அறிய விரும்புவோருக்காக எழுதப்படுகிறது.

முதலில் ‘இலவசம்’ என்ற சொல்லைச் சற்றுப் பார்க்க வேண்டும். பாடசாலை வாசலில் கட்டணம் கேட்கப்படுவதில்லை என்பது மட்டுமே அதன் பொருள். செலவு இருக்கிறது; அதை எல்லோரும் சேர்ந்து, வேறோர் இடத்தில், வேறொரு பெயரில் கொடுக்கிறோம். இலங்கை அரசின் வரி வருமானத்தில் பெரும்பகுதி, பொருள்கள் மீதும் சேவைகள் மீதும் விதிக்கப்படும் மறைமுக வரிகளிலிருந்து கிடைக்கிறது. பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதல் 18 சதவீதமாக உள்ளது. ஆகவே கடையில் சவர்க்காரம் வாங்கும்போதும், தொலைபேசிக்கு ரீலோட் போடும்போதும், குச்சவெளியில் வலை இழுக்கும் மீனவரும் தம்பலகாமத்தில் வயல் செய்பவரும் தங்கள் பிள்ளையின் ஆசிரியருக்கான சம்பளத்தில் ஒரு சிறு துளியைச் செலுத்திவிடுகிறார்கள். அரசு நமக்குத் தருமமாகக் கல்வி தருகிறது என்று பணிவோடு பேசுவோரை இன்றும் காண முடிகிறது. அந்தப் பணிவுக்குத் தேவையில்லை. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை மட்டுமன்று, வரி செலுத்துவோரின் உரிமையுமாகும்.

அடுத்து, ‘இடைநிலை’ என்பதன் எல்லை. தரம் 1 முதல் 5 வரை ஆரம்பக் கல்வி. தரம் 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலை, 10, 11 சிரேஷ்ட இடைநிலை. அதன் முடிவில் கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சை. 12, 13 உயர்தரம். கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016இல் 5 முதல் 16 வரை என விரிவாக்கப்பட்டதால், சாதாரண தரம் வரையான இடைநிலைக் கல்வி இப்போது கட்டணமற்றது மட்டுமன்றிக் கட்டாயமானதுமாகும். எல்லாப் பாடசாலைகளும் இந்த வகுப்புகள் அனைத்தையும் நடத்துவதில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்படப் பல துறைகளும் உள்ளவை 1ஏபி, விஞ்ஞானத் துறை இல்லாமல் கலை, வணிகம் போன்றவை மட்டும் உள்ளவை 1சி, தரம் 11 வரை மட்டும் உள்ளவை வகை 2, ஆரம்ப வகுப்புகளோடோ தரம் 8 அளவிலோ முடிபவை வகை 3 எனப் பிரிக்கப்படுகின்றன. ஒரு பெற்றோர் தம் ஊர்ப் பாடசாலை எந்த வகை என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிள்ளை எந்த வயதில் ஊரைத் தாண்டிப் பயணம் செய்ய நேரும் என்பதை அந்த எழுத்துகளே சொல்லிவிடும்.

ஆரம்ப வகுப்பை விட இடைநிலை வகுப்பு ஏன் அரசுக்குச் செலவு கூடியது என்பதுதான் இந்த விடயத்தின் மையம். ஆரம்ப வகுப்பில் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் பெரும்பாலும் போதும். அவரே தமிழும் கணிதமும் சுற்றாடலும் சொல்லிக்கொடுப்பார். தரம் 6இல் இருந்து நிலைமை மாறிவிடுகிறது. கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், வரலாற்றுக்கு ஒருவர், சித்திரத்துக்கோ சங்கீதத்துக்கோ ஒருவர் எனப் பாடத்துக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறார். சாதாரண தரப் பரீட்சைக்கு மட்டும் ஒரு மாணவர் ஒன்பது பாடங்கள் எடுக்கிறார். சமய பாடத்தை எடுத்துக்கொண்டால், நம் கடற்கரை ஊர்களில் ஒரே வகுப்பில் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் இருப்பது வழமை. எனவே ஒரே பாடவேளையில் ஒரே வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்புகள், வகுப்புக்கு 20 பிள்ளைகள் வீதம் 120 பேர் படிக்கும் ஒரு கிராமப் பாடசாலையைக் கற்பனை செய்வோம். நாடு முழுவதும் எடுத்தால் அரச பாடசாலைகளில் ஏறத்தாழ 17 மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். உலக அளவில் பார்த்தால் இது மோசமான விகிதம் இல்லை. அந்த விகிதப்படி நமது கற்பனைப் பாடசாலைக்கு ஏழு ஆசிரியர்கள் கிடைப்பார்கள். தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் பாடங்கள் ஒன்பதுக்கு மேல், ஆசிரியர்கள் ஏழு பேர். கணிதத்துக்கு வாரம் ஐந்து பாடவேளை என்று வைத்துக்கொண்டால் ஆறு வகுப்புகளுக்கும் 30 பாடவேளை. அது ஓர் ஆசிரியரின் முழு வாரத்தை எடுத்துவிடும். வாரம் இரண்டே பாடவேளை உள்ள ஒரு பாடத்துக்கோ ஆறு வகுப்புக்கும் சேர்த்து 12 பாடவேளைதான்; அதற்கென்று தனி ஆசிரியரைத் தருமாறு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். விளைவு, தமிழ் ஆசிரியர் வரலாறும் எடுப்பார், விஞ்ஞான ஆசிரியர் சுகாதாரமும் எடுப்பார். அதையாவது சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது அந்த ஒரே கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாள்தான். நகரத்தில் தரத்துக்கு ஐந்து பிரிவுகள் உள்ள ஒரு பாடசாலையில் அதே கணக்கின்படி கணிதத்துக்கு 150 பாடவேளை, ஐந்து ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் போனால் மற்ற நால்வரும் சுமையைப் பகிர்ந்துகொள்வார்கள். பிள்ளைகளுக்கு ஓரளவு இடைஞ்சல், அவ்வளவே. கிராமத்தில் ஒருவர் போனால் 120 பிள்ளைகளுக்கும் கணிதமே போய்விடுகிறது. இரண்டு பாடசாலைகளும் ஒரே சட்டத்தின் கீழ் இலவசமானவை, இரண்டிலும் பாடநூல் வந்துவிட்டது, இரண்டிலும் ஆசிரியர் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றில் கல்வி நடக்கிறது, மற்றதில் கணிதப் பாடநூல் பையிலேயே இருக்கிறது.

இதைப் பணமாகவும் மாற்றிப் பார்க்கலாம். கணக்குக்காக மட்டும் ஓர் ஆசிரியரின் சம்பளம் மாதம் 60,000 ரூபா என்று கொள்வோம். ஆண்டுக்கு 7,20,000 ரூபா. அந்த இடம் ஓராண்டு வெற்றிடமாகக் கிடந்தால், 120 பிள்ளைகள் உள்ள பாடசாலையில் பிள்ளைக்கு 6000 ரூபா வீதம் அரசின் பணம் அந்த ஊருக்கு வரவில்லை என்று பொருள். 2025 கல்வியாண்டுக்காக, வறிய குடும்பங்களுக்கான அரசின் நலன்புரிக் கொடுப்பனவாகிய அஸ்வெசும பெறும் குடும்பங்களின் மாணவருக்குப் பாடசாலை உபகரணங்கள் வாங்க அரசு கொடுத்த தொகையும் இதே 6000 ரூபாதான். அந்தக் கொடுப்பனவு வந்ததா இல்லையா என்பதை ஊரே அறியும். வங்கி வாசலில் வரிசையும் நிற்கும். வெற்றிடத்தால் வராமற்போன 6000 ரூபாவை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை, ஏனெனில் அது யாருடைய கணக்கிலும் ‘இழப்பு’ என்று எழுதப்படுவதில்லை.

இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பதற்குக் கொஞ்சம் பின்னே செல்ல வேண்டும். 1945க்கு முன்னர் இலங்கையில் இரண்டு விதப் பாடசாலைகள் பக்கம் பக்கமாக இருந்தன. தமிழிலோ சிங்களத்திலோ கற்பித்த தாய்மொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை, ஆனால் அங்கே படித்தவருக்கு நல்ல உத்தியோகமும் இல்லை. உத்தியோகத்துக்கு வழிவிட்ட ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் இருந்தது. திருகோணமலையில் கத்தோலிக்க, மெதடிஸ்த மிஷன்களும் சைவப் பெரியோரும் பாடசாலைகளை நிறுவி நடத்தினர். இன்று இராமகிருஷ்ண சங்க ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என்று அறியப்படும் பாடசாலை 1897இல் தொடங்கியது. 1925இல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்த அதனைச் சுவாமி விபுலாநந்தர் அதிபராக இருந்து வளர்த்தார். பெண் பிள்ளைகளுக்காகத் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923இல் தொடங்கிய பாடசாலையே ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. இவை போன்ற பாடசாலைகள் நன்கொடை, கட்டணம், அரசின் உதவிப்பணம் ஆகியவற்றைக் கலந்து நடந்தன. ஊரில் வசதியுள்ள ஒருவர் மனம் வைத்தால் பாடசாலை உண்டு, இல்லையேல் இல்லை என்பதுதான் அன்றைய நிலை.

1931இல் டொனமூர் யாப்பின் கீழ் அரசாங்க சபை அமைந்தபோது கல்வி அமைச்சராக வந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1943இல் வெளியான விசேட குழு அறிக்கையின் வழியாக, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி என்ற கொள்கையை முன்வைத்தார். 1945 ஒக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உதவி பெறும் பாடசாலைகளிடம் அரசு சொன்னது எளிமையான ஓர் ஒப்பந்தம்: நீங்கள் கட்டணம் வாங்காதிருங்கள், உங்கள் ஆசிரியர்களின் சம்பளத்தை நாங்கள் தருகிறோம். அதாவது, தொடக்கத்திலேயே இலவசக் கல்வி என்பது ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொள்வதாகவே வடிவெடுத்தது. நகரங்களுக்கு வெளியே இடைநிலைக் கல்வியைக் கொண்டுசெல்ல ஐம்பதுக்கும் மேற்பட்ட மத்திய கல்லூரிகளும் அக்காலத்தில் திட்டமிடப்பட்டன. இத்தனை செய்த கன்னங்கரா 1947 பொதுத் தேர்தலில் தோல்வியடைந்தார் என்பதை நம் அரசியலைப் பற்றிய ஒரு குறிப்பாக இங்கே சொல்லிவிட்டுக் கடந்து செல்லலாம். 1960, 1961ஆம் ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் முகாமையின் கீழ்க் கொண்டுவந்தன. அதன்பின் சம்பளம் கொடுப்பவரும் ஆசிரியரை இடமாற்றுபவரும் ஒரே ஆளாக, அரசாக, ஆகினர். இலவசப் பாடநூல் 1980இலும் இலவசச் சீருடை 1993இலும் சேர்ந்தன.

இப்போதைய பாதைக்கு வருவோம். அரசின் பணம் நம் மாவட்டத்துக்கு இரண்டு வாய்க்கால்களில் பாய்கிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகள் உருவானபோது, பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பில் விடப்பட்டன. தேசிய பாடசாலைகள் எனப்படும் சில நூறு பாடசாலைகள் மட்டும் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருக்கின்றன. நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் இருப்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. மேலே சொன்ன கோணேஸ்வரா இந்துக் கல்லூரியும் சண்முக இந்து மகளிர் கல்லூரியும் தேசிய பாடசாலைகள். ஆகவே அவற்றின் ஆசிரியர் விடயங்கள் கொழும்பு அமைச்சில் முடிவாகின்றன. சிறிய கிராமப் பாடசாலைகளோ மாகாணக் கல்வித் திணைக்களத்தை நோக்கி நிற்கின்றன. கிழக்கு மாகாணத்தின் தலைமையகம் நம் நகரிலேயே இருப்பதால், இந்த இரண்டாவது வாய்க்காலின் மதகு நமக்குப் பேருந்துக் கட்டணத் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு பிள்ளைகள், ஒருவர் தேசிய பாடசாலைக்கும் மற்றவர் மாகாணப் பாடசாலைக்கும் போகும்போது, அவர்களின் ஆசிரியர்களுக்கான பணம் வெவ்வேறு தலைப்புகளின் கீழ், வெவ்வேறு கோப்புகளில் வருகிறது.

மாகாணத்துக்கான பணம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? ஒவ்வொரு மாகாணமும் தன் அடுத்த ஆண்டுத் தேவையைக் கணக்கிட்டு நிதி ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. ஆணைக்குழு அவற்றை ஆராய்ந்து அரசுக்குப் பரிந்துரை செய்கிறது. பாராளுமன்றம் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றிய பின், திறைசேரி அந்தப் பணத்தை ஆண்டு முழுவதும் தவணை தவணையாக மாகாணத்துக்கு விடுவிக்கிறது. இதில் இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று தொகுதிக் கொடை: சம்பளம், மின்சாரம், பயணப்படி போன்ற மீண்டெழும் செலவுகளுக்கானது, அதில் பெரும்பகுதி சம்பளமாகவே கரைந்துவிடுகிறது. மற்றது மாகாணத்துக்கான அபிவிருத்திக் கொடை: கட்டடம், தளபாடம், திருத்த வேலை போன்ற மூலதனச் செலவுகளுக்கானது; அரசிடம் பணம் இறுகும்போது முதலில் வெட்டுப்படுவதும், தாமதமாக வருவதும் இதுதான். சம்பளத்தை நிறுத்தினால் ஆசிரியர்கள் தெருவுக்கு வருவார்கள். கூரைத் திருத்தத்தை நிறுத்தினால் மழை மட்டுமே வரும். எனவே எதை ஒத்திவைப்பது என்ற கேள்விக்கு எந்த அரசுக்கும் அதிக யோசனை தேவைப்படுவதில்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்த பின் தேர்தல் நடக்காததால், இந்தப் பணத்தைச் செலவழிப்பது பற்றி மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் கூடிக் கேள்வி எழுப்பும் மன்றமும் நமக்கு இல்லாமற் போனது. ஆளுநரின் கீழ் அதிகாரிகள் நிர்வாகத்தை நடத்திச் செல்கிறார்கள்.

மாகாணத் திணைக்களத்துக்குக் கீழே வலயக் கல்வி அலுவலகங்கள், அவற்றின் கீழே கோட்டங்கள். திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என ஐந்து வலயங்கள் உள்ளன. ஆசிரியரின் சம்பளப் பட்டியல் இந்த மட்டத்தில்தான் தயாராகிறது. பாடசாலையின் அதிபர் தன் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை, அவர்களை நியமிப்பதுமில்லை, தான் விரும்பிய பாடத்துக்கு ஓர் ஆளைத் தேடி எடுக்கவும் அவரால் முடியாது. அவருடைய கைக்கு உண்மையாகவே பணமாக வருவது கற்பித்தற் பொருள்கள் வாங்குவதற்கான தர உள்ளீட்டு நிதி போன்ற சிறு தொகைகள்தாம். அவற்றையும் மாணவர் எண்ணிக்கையை ஒட்டிய விதிப்படி, குறிப்பிட்ட பொருள்களுக்கு, கொள்வனவு நடைமுறையைப் பின்பற்றியே செலவழிக்க வேண்டும். கூட்டங்களில் அதிபரைப் பிடித்துக்கொண்டு “ஏன் விஞ்ஞான ஆசிரியர் இல்லை?” என்று கேட்கும் பெற்றோர், கதவு இல்லாத சுவரைத் தட்டுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். அந்த அதிபரும் அதே கேள்வியைக் கடிதமாக எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவராகவே பெரும்பாலும் இருப்பார்.

இந்த இடைவெளியில்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் நுழைகின்றன. மின்விசிறி, நீர்த்தாங்கி, ஒலிபெருக்கி, சில வேளைகளில் தொண்டர் ஆசிரியருக்கு ஒரு சிறு கொடுப்பனவு என்று அரசுப் பணம் எட்டாத இடங்களை அவை நிரப்புகின்றன. கட்டாயப்படுத்திப் பணம் வாங்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் மீண்டும் மீண்டும் சொல்வதிலிருந்தே, அப்படி வாங்கப்படுகிறது என்பதும் தெரிகிறது. நூற்றாண்டு கண்ட நகரப் பாடசாலைக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு மண்டபம் கட்டவேண்டும் என்றால் கட்டிவிடுவார்கள். இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் முகாம்களில் இருந்து, 2015க்குப் பின்னரே காணி விடுவிக்கப்பட்டுச் சம்பூருக்குத் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சங்கம் எங்கிருந்து வரும்? சமமான அரசுப் பணத்தின் மேல் சமமில்லாத தனியார் பணம் வந்து விழும்போது, இலவசக் கல்விக்குள்ளேயே படிகள் உண்டாகிவிடுகின்றன. உதவுவோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களின் உதவியைக் காரணம் காட்டி அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பொருள்களாக வரும் உதவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு அனுப்புகிறது. அவை தரம் 11 வரைதான், உயர்தர மாணவர் தங்கள் நூல்களைப் பெரும்பாலும் தாங்களே வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் காகிதமே கிடைக்காமற் போனபோது மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன, பாடநூல் அச்சிட இந்தியாவின் உதவி தேவைப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்கான சீருடைத் துணியைச் சீனா அன்பளிப்பாகத் தந்தது. பெரிய ஆய்வுகூடங்கள், இடைநிலைக் கல்விச் சீர்திருத்தத் திட்டங்கள் போன்றவற்றில் உலக வங்கியினதும் ஆசிய அபிவிருத்தி வங்கியினதும் கடன் பணம் நெடுங்காலமாகக் கலந்திருக்கிறது. கடனில் கட்டிய ஆய்வுகூடமும் இலவசமே. அதன் தவணைப் பணத்தை இன்று அதில் படிக்கும் பிள்ளை நாளை வரி செலுத்துவோராக மாறிக் கட்டும்.

மொத்தத்தில் அரசு போதிய அளவு செலவழிக்கிறதா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். 2015இல் உலக நாடுகள் கல்விக்காக ஏற்றுக்கொண்ட அளவுகோல், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம் வரை, அல்லது அரச செலவில் 15 முதல் 20 சதவீதம் வரை என்பதாகும். இலங்கையின் அரச கல்விச் செலவு பல ஆண்டுகளாக உற்பத்தியின் 2 சதவீதத்தை ஒட்டியே தடுமாறிக்கொண்டிருக்கிறது. மீதியை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு விடை காண, மாலை நான்கு மணிக்கு நகரத்தின் ரியூசன் நிலையங்களுக்கு முன்னால் சைக்கிள்கள் நிற்பதைப் பார்த்தால் போதும். பகலில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய கணிதமும் விஞ்ஞானமும் மாலையில் மாதக் கட்டணத்துக்கு விற்கப்படுகின்றன. கையில் பணம் உள்ள குடும்பம் அரசுப் பணத்தில் உள்ள ஓட்டையை இப்படி அடைத்துக்கொள்கிறது. வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ உள்ள பிள்ளைக்குப் பணம் இருந்தாலும், அந்த மாலை வகுப்புக்குப் போய்த் திரும்பப் பேருந்து இருக்க வேண்டும். போக்குவரத்தும் கல்விச் செலவுதான் என்பதைக் கிண்ணியா மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இல் பாலம் திறக்கப்படும் வரை, ‘பாதை’ என்று நாம் அழைத்த மிதவைப் படகுக்காகக் காத்துநின்று நகரப் பாடசாலைகளுக்கு வந்தவர்கள் அவர்கள். அந்தப் பாலத்தின் செலவு எந்தக் கல்விக் கணக்கிலும் எழுதப்படவில்லை, ஆனால் எத்தனையோ பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டை அது மாற்றியது.

ஆகவே மீண்டும் ஆசிரியரிடமே வருகிறோம். அரசும் இதை அறியாமல் இல்லை. பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என வகைப்படுத்தி, அங்கே பணியாற்றுவோருக்கு மேலதிகக் கொடுப்பனவு தரும் ஏற்பாடு உண்டு. ஒவ்வோர் ஆசிரியரும் சில ஆண்டுகளாவது அத்தகைய இடங்களில் சேவையாற்ற வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்தக் கொடுப்பனவு, நகரத்தில் வீடும் தன் பிள்ளையின் பாடசாலையும் உள்ள ஓர் ஆசிரியரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பேருந்தில் உட்காரவைக்கும் அளவுக்குப் பெரியதில்லை. ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தங்குமிடம் இல்லாத ஊருக்கு அனுப்பப்பட்டவர், விதித்த ஆண்டுகள் முடிந்ததும் இடமாற்ற விண்ணப்பத்தை நிரப்புவார். அவரது இடத்துக்கு அதே பாடத்தில் இன்னொருவர் வந்த பிறகே அவரை விடுவிக்க வேண்டும் என்ற நல்ல வழக்கம் கடைப்பிடிக்கப்படும் இடங்களில் பிள்ளைகளுக்கு இழப்பில்லை. ‘பதிலாள் பின்னர் வருவார்’ என்ற குறிப்போடு கடிதம் வரும் இடங்களில்தான் முன்பு போட்ட 7,20,000 ரூபாக் கணக்கு தொடங்குகிறது.

இதைக் கண்டறியப் பெற்றோருக்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலைக்கும் பாடவாரியாக ‘அங்கீகரிக்கப்பட்ட ஆளணி’ என்று ஓர் எண்ணிக்கை உண்டு. கடமையில் உள்ளோர் எண்ணிக்கை வேறொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அந்தப் பாடசாலைக்கு வரவேண்டியிருந்து வராத பணம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் இந்த எண்களைத் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. மாகாணப் பாடசாலையாயின் வலயக் கல்வி அலுவலகத்தின் அல்லது மாகாணக் கல்வித் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடமும், தேசிய பாடசாலையாயின் கல்வி அமைச்சின் தகவல் அலுவலரிடமும் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் நீண்ட முறைப்பாடு எதுவும் எழுத வேண்டியதில்லை. இன்ன பாடசாலையில் தரம் 6 முதல் 11 வரை கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், இன்று கடமையில் உள்ளோர் எத்தனை பேர், வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது என்ற மூன்று கேள்விகள் போதும்.